கல்லில் இரண்டு வரி

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. எங்கள் அண்ணன் மகன் எட்வின், அவன் பெண்சாதி லீமா, கோயில் உபதேசியார் தொம்மை, குழி வெட்டுகிற அடைக்கலம், அவர் கூட்டிக்கொண்டு வந்த இரண்டு ஆட்கள், அப்புறம் நான். மேலே ஏழு பேர். கீழே ஐந்து பேர். கீழே என்றால் இந்தக் கல்லுக்குக் கீழே. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மதினி. ஐந்து பெயரும் கல்லில் இருக்கிறது, நீங்களே பாருங்கள். ஆறாவதாக எங்கள் சின்னண்ணன் பெயரை வெட்டத்தான் எட்வின் உங்களை வள்ளியூரிலிருந்து வரச் சொன்னான்.

காபியைக் குடியுங்கள். ஆறிப்போகும். நான் இவ்வளவு பேசுகிறவள் இல்லை. நீங்கள் வேலையை நிறுத்த வேண்டாம். உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குப் பேசுவது சுலபமாக இருக்கும். யாரும் என்னைப் பார்க்காத மாதிரி இருக்கும்.

என் பெயர் கித்தேரி. இந்த வீட்டுக் கடைசிப் பிள்ளை. கல்யாணம் ஆகவில்லை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். எண்ணுவதற்கு அது போதும். எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் இலை எத்தனை, நாற்காலி எத்தனை என்று என்னிடம்தான் கேட்பார்கள். பேச்சுக்குக் கூப்பிட மாட்டார்கள், எண்ணிக்கைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு இலை கூடினது கிடையாது, குறைந்தது கிடையாது. அதனால்தான் அன்றைக்கு எட்வின் அப்படிச் சொன்னது மனதில் நின்றுவிட்டது. கோபம் இல்லை. இந்த வயதில் என்ன கோபம். அலுப்பு.

சின்னண்ணன் கயத்தான் இறந்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் காலையில் கல்லறையைத் திறக்க வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திறந்தபோது ஆண்கள்தான் வந்தார்கள். நாங்கள் பெண்கள் பிணத்தோடு வீட்டில் இருந்தோம். பிறகு ஊர்வலமாக வரும்போது உள்ளே எல்லாம் ஒதுக்கி, சுத்தமாக, சுண்ணாம்பு அடித்து இருக்கும். இந்தத் தடவை வீட்டில் ஆண் என்று எட்வின் ஒருவன்தான் மிச்சம். வீட்டு மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லி அனுப்பினார். மூத்தவர் யார் என்று பார்த்தால் நான். அப்படித்தான் வந்தேன்.

இந்தக் கல்லை முதலில் மூன்று பேர் தூக்கிப் பார்த்தார்கள். அடைக்கலமும் அந்த இரண்டு ஆட்களும். அசையவில்லை. எட்வின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலாவது மூலையைப் பிடித்த பிறகுதான் கல் எழும்பியது. மூன்று பேரால் முடியாது, நாலு பேர் வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. பிறகு சொல்கிறேன்.

முன்னால் இங்கே குழி வெட்டினவர் சூசை என்று ஒருத்தர். அவர் காலத்தில் கல்லறையைத் திறந்தால் அவர்தான் உள்ளே இறங்குவார். பழைய எலும்பை எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஏறி வருவார். எட்டிப்பார்க்க யாரையும் விடமாட்டார். அடைக்கலம் வேறு ஊர்க்காரர். அவர் ஊரில் எலும்பை வெளியே எடுத்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, தீர்த்தம் தெளித்து, பிறகு கட்டித் தலைமாட்டில் வைப்பார்களாம். செத்தவர்களுக்கு அது மரியாதை. அவர் மரியாதை செய்தார். அதில்தான் எல்லாம் வந்தது.

துணியில் மண்டை ஓடுகளை வைத்தார். நான் எண்ணினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? ஆறு வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினேன். ஆறுதான்.

எட்வினிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பங்குப் பேரவையில் துணைத் தலைவர். ஊரில் அவன் சொன்னால் கேட்பார்கள்.

"அத்தை, வெயில்ல நின்னு உங்களுக்குக் கண்ணு இருட்டுது. அஞ்சுதான் இருக்கும்" என்றான்.

"இல்ல சார், ஆறுதான்" என்றார் அடைக்கலம்.

லீமா சிலுவை போட்டுக்கொண்டாள். உபதேசியார் தொம்மை, பக்கத்துக் கல்லறையிலிருந்து சரிந்து வந்திருக்கும் என்றார். செங்கல் வைத்துக் கட்டி, உள்ளே பூசின கல்லறை. எங்கிருந்து சரியும்? ஆனால் உபதேசியார் சொன்னால் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. எட்வின், "எவரோடதோ. எங்க வீட்டுக் கல்லறையில ஊரான் எலும்பு எதுக்கு? அதை எலும்புக் கெணத்துல போட்டுருங்க" என்றான்.

எலும்புக் கிணறு அதோ அந்த மூலையில், தகரம் போட்டு மூடியிருக்கிறதே, அதுதான். கேட்க ஆள் இல்லாத எலும்புகளைப் போடுகிற இடம். பெயர் கிடையாது, சிலுவை கிடையாது.

அடைக்கலம் சும்மா இருக்காமல், "இதுல எது சார் ஊரான்?" என்று கேட்டார். அந்த இரண்டு ஆட்களில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நியாயமான கேள்விதானே. ஆறில் ஐந்து நம் ஆட்கள். யாரைப் பார்த்து நீ போ என்பது?

எட்வின் படித்தவன். குனிந்து பார்த்தான். ஒன்றைக் கையில் எடுத்தான். சின்னது. "இதுதான். பாருங்க, பல்லு எல்லாம் இருக்கு. சின்ன வயசுக்காரி. நம்ம வீட்டுல எல்லாரும் பல்லு போயித்தான் செத்தாங்க" என்றான். சரியாகத்தான் சொன்னான். அவன் புத்திசாலி.

அதற்கு மேல்வரிசையில் வலது பக்கம் ஒரு தெத்துப்பல். வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்வின் அதைத் தூக்கிப் பார்க்கிறான். முகத்தைச் சுளிக்கும்போது அவனுக்கு மேலுதடு ஏறும். அவனுக்கும் வலது பக்கம் தெத்துப்பல், சின்ன வயதிலிருந்தே. கையில் ஒன்று, வாயில் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில். மற்றவர்கள் எலும்பைப் பார்த்தார்கள். நான் இரண்டையும் பார்த்தேன்.

"அதை உள்ள வை, எட்வின்" என்றேன்.

நான் சத்தமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தான்.

"யாரு அத்தை இது?"

"நம்ம வீட்டு ஆளு."

"பேரு?"

உபதேசியார் நிற்கிறார். லீமா நிற்கிறாள். லீமா காதில் விழுந்தது மாலைக்குள் அவள் அக்கா தங்கை எல்லாருக்கும் போய்விடும்.  "உள்ள வை" என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னேன். அதற்குள் கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. பிணம் எடுத்துவிட்டார்கள். நேரம் இல்லை. அவன் வைத்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னான். "அத்தை, உங்களுக்கு வயசாயிருச்சு. இனிமே எண்ணுற வேலையெல்லாம் உங்களுக்கு வேண்டாம். லீமா பாத்துக்குவா." அவ்வளவுதான் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். அடக்கம் முடிந்து சாப்பாட்டுக்கு லீமாதான் எண்ணினாள். பதினொரு இலை குறைந்தது. 

இப்போது யார் அது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. வெளியூர்க்காரர், நாளைக்கு வேறு ஊருக்கு வேறு கல்லுக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அம்மா பெற்றது நாங்கள் நாலு பேர். மூத்தவர் தனிஸ்லாஸ். அவர் சாமியார். சாமி அண்ணன் என்போம். இரண்டாவது கயத்தான். மூன்றாவது எமரெஞ்சி. நாலாவது நான். எமரெஞ்சி அக்காவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் மைசூருக்கு அந்தப் பக்கம் ஒரு மடத்தில் கன்னியாஸ்திரி. வெளியே வராத மடம். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பேசுவார்களாம். கடிதம் எழுத மாட்டார்களாம். வீட்டுக்கு வரமாட்டார்களாம். ஒரு சாமியார், ஒரு கன்னியாஸ்திரி கொடுத்த வீடு என்று எங்கள் வீட்டுக்குக் கோயிலில் முன்வரிசை.

சாமி அண்ணனுக்கு ஈஸ்டர் கழித்துக் குருப்பட்டம் என்று தேதி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து முதல் சாமியார். அந்தக் காலத்தில் பட்டத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இவருக்குப் பட்டம் கொடுக்கத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும் என்று. வீட்டில் ஒரு கெட்ட பெயர் இருந்தால் போதும், மேற்றிராணியார், அதான் ஆயர், நிறுத்திவிடுவார் என்று பேசிக்கொள்வார்கள். அந்த வருஷம் அக்காவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது.

யார் என்று அவள் சொல்லவில்லை. அப்பா கேட்ட விதத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் சிலுவைப் பாதையில் மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர். அந்தத் தோள் தழும்பை ஊரே தொட்டுப் பார்க்கும்.

அக்காவை மச்சில் வைத்தார்கள். நெல் போடுகிற மச்சு. கீழே இருந்து கதவு. மடத்துக்குப் போகிறதுக்கு முன்னால் தனித்தியானம் செய்கிறாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். நான் தட்டு கொண்டுபோவேன். எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிட வேண்டும், பேசக் கூடாது. நான் பேசவில்லை. அவள்தான் கதவிடுக்கில் பேசுவாள். "ஏட்டி, இன்னைக்கு எத்தனை பேரு வந்தாங்க வீட்டுக்கு?" என்று கேட்பாள். நான் விரலைக் காட்டுவேன். எண்ணுகிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்ததோ என்னவோ.

அதே சமயத்தில் கயத்தான் அண்ணன் பெண்சாதி, எங்கள் மதினி, பிரசவத்துக்கு என்று தாய்வீட்டுக்குப் போனாள். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாதவள். அவளுக்கு வயிறு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற வயது இல்லை. ஆனால் கிணற்றடியில் அவளும் நானும் ஒன்றாகக் குளிப்போம்.

பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசையில் மணி அடிப்பதை நிறுத்தினால் சனிக்கிழமை இரவுதான் திரும்ப அடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நீங்கள் எந்தக் கோயில்? சரி. எங்களுக்கு அப்படி. நடுவில் யார் செத்தாலும் துக்க மணி கிடையாது. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். வியாழக்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் கோயிலிலேயே சித்தியோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். இரவெல்லாம் ஆராதனை. மறுநாள் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை. ஊரே தெருவில். அந்த வருஷம் அப்பா சிலுவை தூக்கவில்லை. காய்ச்சல் என்றார்கள். கயத்தான் அண்ணனும் வரவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். ஊர் முழுவதும் பதினான்கு ஸ்தலமும் சுற்றி வருகிற நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் யார் இருப்பார்கள்? சூசை இருப்பார். அவர் வேலையே அங்கேதான்.

வீட்டுக்கு வந்தேன். பசி. பெரிய வெள்ளி, ஒருசந்தி நோன்பு. அப்பா கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே அவர் செருப்பு. செருப்பில் சுண்ணாம்பு, ஈரம் காயாமல். நான் வழக்கம்போல மச்சுக்குத் தட்டு எடுத்தேன். அம்மா தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இனிமே மச்சுக்கு வேண்டாம். அக்கா மடத்துக்குப் போயிட்டா" என்றாள்.

"பெரிய வெள்ளிக்கிழமை பஸ் ஓடுமா?" என்று கேட்டேன்.

 அம்மா அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வீட்டில் தட்டு ஒன்று கூடிப்போனது.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் மதினி பிள்ளையோடு வந்து இறங்கினாள். ஆண் பிள்ளை. எட்வின். அடுத்த வாரம் சாமி அண்ணனுக்குப் பட்டம். அதற்கடுத்து எங்கள் ஊரில் அவருடைய முதல் பூசை, புதுப்பூசை. வாழைமரம், கொட்டு, ஊர்வலம். அவர் கொடுத்த முதல் ஞானஸ்நானம் எட்வினுக்குத்தான். தலையில் தண்ணீர் ஊற்றும்போது சாமி அண்ணன் அழுத அழுகையைப் பார்த்து ஊரே அழுதது. புதுச் சாமியார்களுக்கு முதல் திருச்சடங்கில் அப்படி வருமாம். உபதேசியார் சொன்னார். அப்போது இருந்த உபதேசியார், தொம்மையின் அப்பா.

அதனால் எட்வின் என்னை அத்தை என்று கூப்பிடுகிறான். அறுபது வருஷமாகக் கூப்பிடுகிறான். நான் அவனுக்குச் சித்தி. ஒரு தடவைகூட அந்தச் சொல் என் வாய் வரைக்கும் வந்ததில்லை.

அக்கா மடத்துக்குப் போனதில் ஊருக்கு ஒரே பெருமை. பெண்கள் அம்மாவிடம் வருவார்கள். என் மகனுக்குக் காய்ச்சல், உங்க மகளை ஜெபிக்கச் சொல்லுங்க. என் மாடு கன்று போடவில்லை, உங்க மகளை ஜெபிக்கச் சொல்லுங்க. அம்மா, சரி சொல்லுறேன் என்பாள். எழுதத் தெரியாது அவளுக்கு. சாயங்காலம் மச்சுப் படிக்குக் கீழே போய் நின்று, மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். இன்னார் மகனுக்குக் காய்ச்சல். இன்னார் மாடு. நிறைய கேட்டுக் கிடைத்ததாகச் சொல்லி வாழைத்தார் கொண்டுவந்து வைப்பார்கள். அம்மாவுக்குக் கடைசியில் புத்தி கொஞ்சம் பேதலித்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அக்கா எப்போது செத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கம்பிக்குள் இருக்கிறவர்கள் சாவு வெளியே தெரியாதாம்.

எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒரு தட்டு கூடுதலாக இருந்தது தெரியும். எலும்பைப் பார்த்த அன்றைக்கு அந்தத் தட்டுக்குக் கணக்கு நேரானது.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு இன்னும் நேராகவில்லை. கல் தூக்க நாலு பேர் வேண்டும் என்றேன் அல்லவா. அந்த வெள்ளிக்கிழமை அப்பா ஒன்று, கயத்தான் அண்ணன் இரண்டு, சூசை மூன்று. சூசை தன் பிள்ளைகளைக்கூட இதற்குள் விட்டிருக்க மாட்டார். மூன்று பேர் எப்படித் தூக்கினார்கள்? அப்பா பலசாலிதான். ஆனாலும் நான் பார்த்தேனே, மூன்று பேருக்கு இந்தக் கல் அசையாது. படுத்தால் இதுதான் வருகிறது. மூன்று, மூன்று, மூன்று.

சாமி அண்ணன் இல்லை. அவர் ஈஸ்டர் அன்றைக்குக் காலையில்தான் குருமடத்திலிருந்து வந்தார். வீட்டில் அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். அவருடைய தகரப் பெட்டி மட்டும் வெள்ளிக்கிழமையே மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயர் எழுதினது. யார் கையிலாவது முன்னாலேயே கொடுத்து அனுப்பியிருப்பார். பட்டத்துக்கு முன்னால் அப்படிச் செய்வார்கள்.

ஏன் உளியை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள்? நான்தான் சொன்னேனே, அவர் அப்புறம் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் பீடத்தில் ஏறியிருப்பாரா? நாற்பத்திரண்டு வருஷம் பூசை வைத்தவர், தம்பி. அவர் கையில் நன்மை அப்பம் வாங்கினவர்கள் எத்தனை ஆயிரம். ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சே கிடையாது அவருக்கு. எனக்கும் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் உட்கார்ந்தால் சுவர்க்கடிகாரம்தான் பேசும்.

ஒரு குறை உண்டு. கணக்கு வராது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு வருஷம் தவறாமல் லீவு எடுத்து வந்துவிடுவார். எந்தப் பங்கில் இருந்தாலும் வருவார். கல்லறையை மந்திரித்து, கல்லில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பரலோக மந்திரம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று நாலு பெயர் இருந்த காலத்தில் நான் நாலு மெழுகுவர்த்தி வாங்கி வருவேன். அவர் ஐந்து கேட்பார். ஐந்து மந்திரம் சொல்வார். "அண்ணா, ஒண்ணு கூடிப்போச்சு" என்பேன். "இருக்கட்டும் கித்தேரி. காத்துல ஒண்ணு அணைஞ்சாலும் அணையும்" என்பார். மதினி பெயர் வந்த பிறகு ஐந்துக்கு ஆறு. வருஷா வருஷம் திருத்துவேன், வருஷா வருஷம் ஒன்று கூட்டுவார். லத்தீன் படித்தவர்களுக்கு எண்ணிக்கை நிற்காது போல.

சாகிறதுக்கு முன்னால் தன்னை இந்தக் கல்லறையில்தான் வைக்க வேண்டும், சாமியார்கள் வரிசையில் வேண்டாம் என்று கேட்டாராம். குடும்பத்துக் கல்லறையில் குருவை வைக்கிற வழக்கம் இல்லை என்று ஆயர் மறுத்துவிட்டார். எவ்வளவு எளிமை பாருங்கள் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் அங்கே இருக்கிறார், பளிங்குக் கல்லில் பெயர் போட்டு. நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, விடுங்கள். நான் வந்த காரியத்தைச் சொல்கிறேன்.

எட்வின் உங்களிடம் காட்டியிருப்பான். இந்தக் கல்லில் இன்னும் இரண்டு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. ஒரு வரி கயத்தான். காவியில் எழுதி முக்கால்வாசி வெட்டிவிட்டீர்கள். எழுத்து நேராக இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி அத்தைக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பான். என்னிடமும் சொன்னான். "அத்தை, உங்களுக்கும் இடம் வச்சிருக்கேன், கவலைப்படாதீங்க" என்றான். நல்ல பிள்ளை. எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்பான் எனக்கு. அவனை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. குளிப்பாட்டி, தலை துவட்டி, ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து.

அந்தக் கீழ்வரி என்னுடையது என்று அவனே சொல்லிவிட்டான். என்னுடையது என்றால் நான் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா?

எமரெஞ்சியாள் என்று வெட்டுங்கள். என் பெயரைக் கித்தேரியம்மாள் என்று போட்டால் எட்டு எழுத்து. அவள் பெயர் ஏழுதான். இடம் தாராளமாகப் போதும். தேதி வேண்டாம். செத்த தேதி போட்டால் பெரிய வெள்ளிக்கிழமை என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பெயர் மட்டும் போதும். அவள் பெயரைச் சொல்லி இந்த ஊரில் பூசைக்குக் கேட்டவர்கள் இல்லை, மணி அடிக்கவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. மெழுகுவர்த்தி, ஒன்று கூடுதலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அது அண்ணன் எண்ணிக்கை தவறினதால்.

எட்வின் சம்மதித்தானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவனிடம் கேட்கவில்லை. நாலு மணிக்கு வருகிறேன் என்று போயிருக்கிறான். அதற்குள் வெட்டிவிட்டால், வெட்டின எழுத்தை அழிக்க முடியாது என்று நீங்களே காலையில் லீமாவிடம் சொன்னீர்கள், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அழிக்க வேண்டுமானால் கல்லையே மாற்ற வேண்டும் என்றீர்கள். கல்லை மாற்றினால் ஊர் காரணம் கேட்கும். எட்வின் ஊருக்குப் பயந்தவன். அவன் தாத்தா மாதிரி.

உங்களுக்கு ஒரு பொல்லாப்பும் வராது. அத்தைதான் சொன்னார்கள், வீட்டு மூத்தவர்கள் என்று நினைத்தேன் என்று சொல்லிவிடுங்கள். அது உண்மைதானே.

அவன் வந்து பார்ப்பான். "இது என்ன அத்தை?" என்பான். என் அக்கா என்பேன். மடத்துக்குப் போன அக்காவா என்பான். ஆமாம் என்பேன். அது இங்க எப்படி என்று கேட்க வாயெடுப்பான். கேட்க மாட்டான். துணியில் ஆறு இருந்தது அவனுக்குத் தெரியும். கையில் தூக்கினதும் தெரியும். அதோடு அவன் நிறுத்திக்கொள்வான். பெயர் கெடுகிற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் முடிவு வரைக்கும் கேட்டதில்லை. அவன் யார் வயிற்றில் பிறந்தான் என்பதை நான் சொல்லப்போவதும் இல்லை. மதினி அவனுக்குப் பால் வாங்கிப் புகட்டி, கண் விழித்து வளர்த்தாள். மேலே இருந்து மூன்றாவது பெயர்... இல்லை, ஐந்தாவது பெயர் அவள். அவள் அம்மாவாகவே இருக்கட்டும். ஆனால் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவன் பிள்ளைகளோடு வந்து நின்று கல்லில் உள்ள பெயர் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிப்பான். அவன் வாயால் அவள் பெயரை வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிவிடுவான். அது போதும் எனக்கு.

எனக்குப் பெயர் எங்கே என்று கேட்கிறீர்களா? எனக்கு எதற்கு? உள்ளே இடம் இருக்கிறது. எட்வின் கொண்டுவந்து வைத்துவிடுவான். பெயர் இல்லாமல் அறுபது வருஷம் ஒருத்தி இதற்குள் இருந்திருக்கிறாள். என்னால் முடியாதா? அடுத்துத் திறக்கும்போது யாராவது எண்ணிப் பார்த்து ஒன்று கூடுகிறது என்று சொன்னால், அப்போது இருக்கிற எட்வின், உனக்குக் கண்ணு இருட்டுது என்பான்.

ஆரம்பித்துவிட்டீர்களா? மெதுவாக. முதல் எழுத்துக்குச் சுழி கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவள் சிலேட்டில் அப்படித்தான் எழுதுவாள்.

நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் வெட்டுங்கள், நான் சத்தத்தை எண்ணுகிறேன்.

கார் சத்தம் கேட்கிறது. வரட்டும். கடைசி எழுத்துதானே, புள்ளியையும் வைத்துவிடுங்கள்.

கயத்தான் அண்ணனோடு கீழே ஏழு பேர். கல்லில் ஏழு பெயர். நேராக இருக்கிறது. அம்மா பெற்றது நாலு. பளிங்குக் கல்லுக்குக் கீழே ஒருவர், இங்கே இரண்டு பேர்.

மேலே மிச்சம் ஒன்று.